பூவரசடிப் பானை

மேலப்படுகை, ஸ்ரீரங்கம் வழி
14-7-1957

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்கா பாக்கியமேரிக்குத் தம்பி செபஸ்தியான் எழுதுவது.

நான் சுகமாக இருக்கிறேன். அப்பாவின் கால் புண் எப்படி இருக்கிறது? மோதிரக் கல் பட்டை தீட்டி உன் விரல் நுனி வெடித்திருந்ததே, ஆறிவிட்டதா?

வேலையில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. ஸ்ரீரங்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வாய்க்கால் கரையோடு மேற்கே ஐந்து மைல் நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் வாழை. பள்ளிக்கூடம் என்பது ஓர் ஓட்டுக் கட்டடம், ஒரு கரும்பலகை, நான். பட்டியலில் அறுபத்திரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். காலையில் நாற்பது பேர் வருகிறார்கள், மத்தியானத்துக்கு மேல் பதினைந்து பேர் தேறுவதில்லை. கஞ்சி உள்ள வீட்டில் மாடு மேய்க்கச் சொல்கிறார்கள். கஞ்சி இல்லாத வீட்டில் கூலிக்கு அனுப்புகிறார்கள். பாடம் நடத்துவது எப்படி என்று எனக்குப் பயிற்சி கொடுத்தவர்கள், பசித்தவனுக்கு நடத்துவது எப்படி என்று சொல்லித்தரவில்லை.

நல்ல செய்தி ஒன்று உண்டு. மத்தியானச் சாப்பாட்டுத் திட்டம் எங்கள் பள்ளிக்கும் வந்துவிட்டது. செலவில் பாதிக்கு மேல் சர்க்கார் கொடுக்கும், மீதியை ஊர் போட வேண்டும். வீடு வீடாகப் போய், உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி எடுத்து வையுங்கள் என்று கேட்டேன். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள், சேரியில் முதலில் ஒப்புக்கொண்டார்கள். சாப்பாட்டுக் கமிட்டித் தலைவர் மணியக்காரர் அடைக்கலம். நல்ல மனிதர். எனக்கு மத்தியானம் அவர் வீட்டிலிருந்து தூக்குச் சட்டியில் சாப்பாடு வருகிறது.

இந்த ஊர்த் தபாலாபீசும் அவர் வீட்டுக் கூடத்தில்தான். கார்டு வந்தால் வீடே படித்துவிட்டுத்தான் கொடுக்கும். அதனால் எப்போதும் கவரில் எழுது.

உன் தம்பி,
செபஸ்தியான்

*

வரகனேரி, திருச்சி
23-7-1957

சேசு மரி சூசை துணை

தம்பி செபஸ்தியானுக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

உன் கடிதத்தை அப்பாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். "பசங்களுக்குச் சோறு போடற கவர்மெண்டா? நம்ம காலத்துல இல்லாம போச்சே" என்றார். நீ இரண்டாம் வகுப்பில் பசியில் மயங்கி விழுந்த நாள் அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் வந்தது. புண் அப்படியேதான் இருக்கிறது. சுண்ணாம்புத் தொட்டியில் நிற்கிற கால் எப்படி ஆறும்? என் விரலைப் பற்றிக் கவலைப்படாதே.

சேரிப் பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று நீ எழுதவில்லை. நீ யார் வீட்டுப் பிள்ளை என்று அந்த ஊரில் கேட்டார்களா என்றும் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் எழுது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்தால் இங்கே வந்துவிடலாம். கடல் தாண்டியா இருக்கிறாய்?

அக்கா

*

மேலப்படுகை
18-8-1957

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம் என்று நம்புகிறேன். நான் நலமில்லை என்று சொல்ல வேண்டும், ஆனால் காய்ச்சல் உடம்பில் இல்லை.

இங்கே இரண்டு பானை. ஒன்று பள்ளிக்கூடத்துக்குள் அடுப்பில். மற்றொன்று வெளியே பூவரசு மரத்தடியில், மூன்று கல் கூட்டி. மேலத்தெரு அரிசி உள்ளே வேகிறது, சேரி அரிசி வெளியே வேகிறது. உள்ளே ஒரு பந்தி, வெளியே ஒரு பந்தி. ராக்கம்மாள் என்ற மேலத்தெரு விதவைதான் இரண்டுக்கும் சமையல். அந்த அம்மாள் கைக்கு இரண்டு பானையும் ஆகும், தின்கிற வாய்க்குத்தான் ஆகாது.

மணியக்காரரிடம் கேட்டேன். "ஒரே பருப்பு, ஒரே புளி, சமைக்கிறதும் ஒரே ஆளு. பானைதான் வேற. இதுல உங்களுக்கு என்ன வாத்தியாரே குறை?" என்றார்.

"சர்க்கார் உத்தரவு எல்லாரும் ஒரே பந்தின்னு சொல்லுதுங்க" என்றேன்.

"சர்க்காரு சொல்லும். பிடி அரிசிய சர்க்காரா போடுது? மேலத்தெருக்காரன் கைய மடக்கிட்டா, உங்க பந்தியில தண்ணிதான் ஊத்தணும்."

அது உண்மை. அதுதான் எனக்கு ஆத்திரம். சட்டம் மெட்ராசில் இருக்கிறது, அரிசி இவர்கள் குதிரில் இருக்கிறது. மத்தியானத்துக்கு மேல் இப்போது ஐம்பத்தைந்து பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த ஐம்பத்தைந்தை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். சாப்பாடு போடுமுன் இரண்டு பானையிலும் நானே உப்புப் போட்டு, கிண்டி, ருசி பார்த்து நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். தினமும் இந்த அநியாயத்துக்குக் கையெழுத்துப் போடுகிறேன்.

அப்பா உடம்பைப் பார்த்துக்கொள்.

செபஸ்தியான்

*

வரகனேரி
2-9-1957

தம்பிக்கு,

ஆரோக்கியமாதா உன்னைக் காக்கட்டும். உன் கடிதத்தின் தலையில் இந்தத் தடவை சேசு மரி சூசை இல்லை. அவசரத்தில் விட்டுப்போயிற்று என்று எடுத்துக்கொண்டேன்.

நீ கோபப்பட்டு எழுதியது நன்றாக இருந்தது. ஆனால் நான் கேட்டது வேறு. நீ எந்தப் பானையில் சாப்பிடுகிறாய்?

இரண்டிலும் இல்லை, மணியக்காரர் வீட்டுத் தூக்கில் என்பாய். தெரியும். அந்த வீட்டிலிருந்து உனக்கு எப்படித் தூக்கு வருகிறது என்றுதான் கேட்கிறேன். உன்னை வெள்ளாளக் கிறிஸ்தவர் வீட்டுப் பிள்ளை என்று அவர்களே நினைத்துக்கொண்டார்களா, நீ நினைக்க விட்டாயா?

நீ பயிற்சிப் பள்ளியில் சேரும்போது என்ன நடந்தது என்று மறந்திருக்க மாட்டாய். அரிசனப் பிள்ளைகளுக்கு உண்டான முழுச் சலுகை உனக்கு இல்லை, நீங்கள் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவர்கள் என்று ஆபீசில் சொன்னார்கள். அப்பா அங்கேயே நின்று, "வேதத்துல சேந்ததும் எங்க தெருவத் தூக்கி வேற எடத்துல வச்சாங்களா சாமி?" என்று கேட்டார். சர்க்கார் தாளில் மட்டும் நம் சாதி போய்விட்டது. நீ அந்தத் தாளையே சட்டையாகப் போட்டுக்கொண்டு அந்த ஊரில் திரிகிறாயோ என்று எனக்குத் தோன்றுகிறது.

கோபித்துக்கொள்ளாதே. சாப்பிடு, இளைத்துப்போகாதே.

அக்கா

*

மேலப்படுகை
6-10-1957

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, பரீட்சை வேலை.

போன வாரம் டெபுடி இன்ஸ்பெக்டர் வந்தார். அன்று காலையே பூவரசடிப் பானையை வாழைத்தோப்பில் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். எல்லாப் பிள்ளைகளும் உள்ளே ஒரே வரிசை. இன்ஸ்பெக்டர், "பேஷ், பேஷ்" என்று எழுதிக் கொடுத்தார். அவர் வாய்க்கால் பாலம் தாண்டுவதற்குள் பானை திரும்பி வந்துவிட்டது. சேரி அழகம்மாளின் மகள் வள்ளிக்கண்ணு, மூன்றாம் வகுப்பு, என்னிடம் வந்து, "சார், இன்சுபெட்டரு நாளைக்கும் வருவாரா?" என்று கேட்டாள்.

கல்லறைத் திருநாளுக்கு வர முடியுமா தெரியவில்லை. வேலை அதிகம்.

செபஸ்தியான்

*

(கார்டு)

தோல்ஷாப்புச் சேரி, வரகனேரி, திருச்சி
20-10-1957

தம்பி செபஸ்தியானுக்கு அக்கா பாக்கியமேரி எழுதியது. சுகம், சுகத்துக்கு எழுது. அப்பாவுக்குக் கால் புண் அதிகமாகி, தோல்ஷாப்பு வேலையை நிறுத்திவிட்டோம். முப்பது வருஷம் தோல் ஊறவைத்த தொட்டியில் நின்ற கால், இனி ஓய்வு எடுக்கட்டும். நம் சேரியில் எல்லாரும் உன்னை விசாரிக்கிறார்கள். நம் தெருவில் முதல் வாத்தியார் நீதான் என்று அப்பா வருகிறவரிடமெல்லாம் சொல்கிறார். நவம்பர் இரண்டாம் தேதி அம்மா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். வா.

*

மேலப்படுகை
3-11-1957

அக்கா,

கார்டில் எழுதாதே என்று முதல் கடிதத்திலேயே சொன்னேனா இல்லையா?

வெள்ளிக்கிழமை வந்த கார்டைத் திங்கட்கிழமை மணியக்காரரே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். பிள்ளைகளை விளையாட அனுப்பச் சொன்னார். முகம் வெளுத்திருந்தது.

"உங்கப்பாரு தோல்ஷாப்புலயா இருக்காரு?"

"ஆமாங்க."

"ஒரு வார்த்த சொல்லலையே."

"நீங்க கேக்கலையே."

"கேக்கத் தோணல வாத்தியாரே. சட்ட, செருப்பு, பேச்சு..." என்று நிறுத்திவிட்டார். பிறகு மெதுவாக, "எங்க வீட்டுத் தட்டுல சாப்பிட்டிருக்கீங்க. தெனமும் எங்க புள்ளைங்க சோத்துல உப்பப் போட்டுக் கிண்டியிருக்கீங்க. இது வெளிய தெரிஞ்சா மேலத்தெருவுல தீட்டுப்படாத வீடு ஒண்ணு மிச்சமில்ல. தையில என் மவளுக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டுக்காரன் வாசப்படி மிதிப்பானா?" என்றார்.

என்னைத் துரத்த வந்தார் என்று நினைத்தேன். அவர் கெஞ்ச வந்திருந்தார், அக்கா. கார்டு படித்தது அவரும் அவர் சம்சாரமும்தான், இருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள், நானும் திறக்கக் கூடாது, தூக்கு வழக்கம்போல வரும். இதுதான் அவர் சொன்னது. எனக்கு முதலில் உண்டானது என்ன தெரியுமா? நிம்மதி. அதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

அப்புறம்தான் ஜன்னல் வழியாகப் பூவரசு மரம் கண்ணில் பட்டது.

"ரெண்டு பானையையும் ஒண்ணாக்குங்க. நான் வாயத் தொறக்கல. இல்லாட்டி நாளைக்கு வீட்டுக்கு வீடு வாசல்ல நின்னு எங்கப்பா பேரச் சொல்லிட்டு வரேன்" என்றேன்.

"மெரட்டுறீங்களா?"

"ஆமாங்க."

புதன்கிழமை ஊரில் தண்டோரா போட்டார்கள். இன்ஸ்பெக்டர் திடீர் திடீரென்று வருவாராம், ஒரே பானை இல்லாவிட்டால் திட்டமே போய்விடுமாம். மணியக்காரர் சொன்ன பொய். இப்போது அறுபது பிள்ளைகளுக்கும் ஒரே பானை, ஒரே வரிசை. சேரி அரிசியும் மேலத்தெரு அரிசியும் ஒன்றாக வெந்தால் எது எது என்று ராக்கம்மாளுக்கே தெரியவில்லை. பூவரசடிப் பானையில் குடிதண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறோம்.

கல்லறைத் திருநாளுக்கு வராததற்கு மன்னித்துக்கொள். அப்பாவுக்கு நல்ல வைத்தியரைப் பார்.

செபஸ்தியான்

*

வரகனேரி
10-11-1957

அன்புத் தம்பிக்கு,

கார்டில் எழுதியது பிசகுதான். அப்பா கல்லறைத் தோட்டத்துக்குக் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்தார், நான் சுண்ணாம்பு அடித்தேன்.

ஒரே பானை என்று படித்ததும் பட்டை தீட்டுகிற சக்கரத்தை நிறுத்திவிட்டு அந்த வரியை இன்னொரு தடவை படித்தேன். அந்த வள்ளிக்கண்ணு உள்ளே உட்கார்ந்து சாப்பிடுகிறாள் அல்லவா? அதுவே பெரிது. அப்பாவிடம் சொன்னேன். "எப்படிச் சாதிச்சான்?" என்றார். அவர் பெயரைச் சொல்லாமல் இருப்பதற்குக் கூலியாக அந்தப் பானை கிடைத்தது என்று எப்படிச் சொல்வேன்?

பானை ஒன்றாகிவிட்டது. உனக்குத் தூக்கு இன்னும் வருகிறதா?

அக்கா

*

வரகனேரி
29-12-1957

தம்பி செபஸ்தியானுக்கு,

கிறிஸ்துமஸ் முடிந்துவிட்டது. நீயும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. அப்பா நடுச்சாமப் பூசைக்குப் போகிற வழியெல்லாம் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தார். புண் ஆறி வருகிறது. உனக்குத் தைத்த சட்டை பெட்டியில் இருக்கிறது.

நான் இனிமேல் எதுவும் கேட்க மாட்டேன். நலமாக இருக்கிறாய் என்று ஒரு வரி எழுது.

அக்கா

*

மேலப்படுகை
9-2-1958

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்காவுக்கும் அப்பாவுக்கும்,

உடம்பு சுகம். இதை அப்பாவுக்கும் படித்துக் காட்டு, முழுவதும்.

மணியக்காரர் மகள் கல்யாணம் தை பதினான்காம் தேதி நடந்தது. அதுவரை பேசக் கூடாது என்று இருந்தேன். அந்தப் பெண் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. இதுவும் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சாக்கோ என்னவோ. கல்யாணத்தில் என்னை முதல் பந்தியில் உட்காரவைத்தார். உட்காரவைக்காவிட்டால் ஏன் என்று ஊர் கேட்கும். அவரே வந்து எனக்கு நெய் ஊற்றினார். இலையில் பாதி நெய், தரையில் பாதி. அவர் பயந்ததும் நான் பயந்ததும் ஒரே விஷயத்துக்கு. வாழ்க்கையில் அவ்வளவு கேவலமான சாப்பாடு நான் சாப்பிட்டதில்லை, பாயசம் இரண்டு வகை இருந்தும்.

மறுவாரம் பள்ளிக்கூடத்தில் உப்புப் பார்த்துவிட்டுக் கரண்டியை வைத்தேன். தூக்கு வந்து காத்திருந்தது. ராக்கம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தெனம் ருசி மட்டும் பாக்குறீங்க. ஒரு நாளாவது ஒக்காந்து ஒரு வாய் சாப்பிட்டிருக்கீங்களா? என் கை சோறு வாத்தியாருக்கு ஆகாதோ?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "ஆகாதது உங்க கை இல்லம்மா. எங்கப்பா தோல்ஷாப்புல வேல பாத்தவரு. நான் வரகனேரிச் சேரிக்காரன்" என்றேன். பிள்ளைகள் எல்லாரும் கேட்கும்படிதான் சொன்னேன்.

அவள் அடுப்பை ஊதிவிட்டுத் திரும்பி, "அது தெரியும். மணியக்காரம்மா அந்தக் கார்ட வாசிச்சப்ப நான் கூடத்துலதான் புளிக்குக் கொட்ட எடுத்துட்டு இருந்தேன்" என்றாள்.

"தெரிஞ்சுமா மூணு மாசமா எங்கிட்ட கரண்டியக் குடுத்தீங்க?"

"நல்லா இருக்கு. நான் போய்த் தெருவுல சொல்லணும், இந்தப் பானைய மூடணும், அப்புறம் நான் வாழச் சருகு பொறுக்கப் போகணும். இங்க ரெண்டு வேள சோறு கெடைக்குது வாத்தியாரே. ஒக்காருங்க, ஆறுது."

தூக்கைத் திருப்பி அனுப்பினேன். வள்ளிக்கண்ணுவுக்கும் மேலத்தெருப் பையன் ஒருவனுக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டேன். உப்புக் கொஞ்சம் கூட. நான் போட்டதுதான்.

சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் மேலத்தெருவிலிருந்து பதினெட்டுப் பிள்ளைகள் வரவில்லை. குடியிருந்த அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், பள்ளிக்கூடத்திலேயே பாயை விரித்திருக்கிறேன். என்னை மாற்றச் சொல்லி மேலே மனுப் போடப்போகிறார்களாம். போடட்டும்.

அப்பா இதைக் கேட்டு என்ன சொன்னார் என்று எழுது.

உன் தம்பி,
சவரிமுத்து மகன் செபஸ்தியான்

*

மேலப்படுகை
20-4-1958

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்காவுக்கு,

ஈஸ்டருக்கு வந்துவிட்டுத் திரும்பியதிலிருந்து சுகமாக இருக்கிறேன். நீ தைத்த சட்டை தோளில் கொஞ்சம் பிடிக்கிறது, ஆனாலும் தினம் அதைத்தான் போடுகிறேன். அப்பா கட்டை இல்லாமல் தெருமுனை வரை நடந்து வந்து வழியனுப்பியதை நினைத்துக்கொண்டே வந்தேன்.

மனு விஷயம் கேட்டாயே. மனு எழுதியாகிவிட்டது, நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். கையெழுத்துக்குத்தான் ஆள் இல்லை. முதலில் கையெழுத்துப் போடுகிறவன், தன் பிள்ளை அத்தனை மாதம் நான் கிண்டிய சோற்றைத் தின்றதை எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். "நீ மொதல்ல போடு", "நீ மொதல்ல போடு" என்று அந்தத் தாள் தெருவை மூன்று சுற்று சுற்றி, மணியக்காரர் வீட்டு எரவாணத்தில் செருகியிருக்கிறது. அவரே அதை மேலே அனுப்பவில்லை. என்னிடம் பேசுவதுமில்லை. என் தபாலை மட்டும் இப்போது படிக்காமல் கொடுக்கிறார்.

பங்குனியில் வேலை குறைந்து வீட்டில் குதிர் காலியானதும், பதினெட்டில் பதிமூன்று பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்துவிட்டார்கள். முதல் நாள் தயங்கினார்கள், இரண்டாம் நாள் இன்னொரு கரண்டி கேட்டார்கள். ஐந்து பேர் வரவில்லை. அவர்கள் வீட்டில் அரிசி இருக்கிறது. மனம் மாறினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், பசி வந்து உட்கார வைத்தது. ஆனால் உட்கார்ந்த இடம் ஒன்றுதான். அறை இன்னும் கிடைக்கவில்லை. நான் சந்தோஷமாக இருக்கிறேன், அக்கா. இதை எழுதும்போது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். ஈஸ்டருக்கு வந்தபோதே கேட்க நினைத்தேன், அப்பா பக்கத்தில் இருந்தார். அந்தக் கார்டை எழுதிய அன்று வீட்டில் கவர் இல்லாமல் போய்விட்டதா?

செபஸ்தியான்

*

வரகனேரி
27-4-1958

சேசு மரி சூசை துணை

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். அப்பா நேற்றுக் கடைத்தெரு வரை போய்வந்தார். எங்கள் வாத்தியார் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று பஸ் நிலையம்வரை சொல்லியாகிவிட்டது. சட்டையைக் கொடுத்தனுப்பு, தோளில் பிரித்து விடுகிறேன். பள்ளிக்கூடத் தரையில் படுக்கிறாய், பாய்க்கு அடியில் சாக்கு விரித்துக்கொள். ராக்கம்மாளுக்கு என் அன்பைச் சொல். உப்பைக் குறைத்துப் போடு.

நீ கேட்டதற்குப் பதில். பெட்டியில் அன்று மூன்று கவர் இருந்தன.

அக்கா